கமலவேணி கேட்ட ஊர்

அத்தியாயம் பதினொன்று

கூறு போடுகிற நாள் ஒருவழியாக வந்துவிட்டது. இத்தனை வாரங்களாக இன்றைக்கு, நாளைக்கு என்று உங்களையும் என்னையும் காக்க வைத்த தாய்மாமன் சின்னண்ணக் கவுண்டர், ஓமலூரிலிருந்து முதல் நாளே வந்து இறங்கி, புளியந்தோட்டத்து வீட்டின் முற்றத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியதிலிருந்து மனுஷருக்கு யாரைக் கண்டாலும் எரிச்சல். ஆனாலும் நியாயத்தில் குறை வைக்கமாட்டார் என்று பெயர்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அண்ணன் நாச்சிமுத்துக் கவுண்டர் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில், அப்பன் கொடுத்த முதலில் கடலைக்காய் மண்டி வைத்து மாடியிலேயே குடியிருக்கிறார். தம்பி பாலசுந்தரம் சங்ககிரிக்குத் தெற்கே அப்பன் விட்டுப்போன புளியந்தோட்டத்தில் பண்ணையம் பார்க்கிறான். அப்பனுக்குத் தலைத்திவசம் முடிந்ததும், சண்டை வந்து பிரிவதைவிடச் சண்டை வருமுன் பிரிப்பது மேல் என்று மாமன் பிடிவாதம் பிடித்தார். மூத்தவன் சொத்தை இரண்டு கூறாகப் போடவேண்டும். இளையவன் எது வேண்டுமோ அதில் கை வைக்கவேண்டும். கை வைத்துவிட்டால் மறுபேச்சுக் கிடையாது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் வழிவழியாக இதுதான் முறை.

இதில் தம்பி மனைவி கமலவேணிக்கு என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? அவளுக்குத்தான் எல்லாமே வந்தது. போன வருஷம் ஓரகத்திக்கு, நாச்சிமுத்துக் கவுண்டர் மனைவி பெரியநாயகிக்கு, விஷக்காய்ச்சல் கண்டபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கமலவேணி சேலத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். போனவள் போனபடியே திரும்பி வரவில்லை. அந்த மாடி ஜன்னலும், கீழே நாள் முழுக்க ஓயாத வண்டிகளும், குழாயடிச் சண்டையும், பொழுது இறங்கினால் தெருக்கோடியில் எரிகிற மின்சார விளக்கும் அவள் மனசுக்குள் புகுந்துகொண்டுவிட்டன. தோட்டத்து வீட்டில் விளக்கு வைத்த பிறகு அடுத்த மனுஷ முகத்தைப் பார்க்கவேண்டுமானால் இரண்டு காடு தாண்டவேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும்.

போன திங்கட்கிழமை புருஷனிடம் கேட்டே விட்டாள். "ஏனுங்க, நீங்க சேலத்துக் கூறுல கை வெக்கறீங்களா?" என்றாள். அவனும், "செரி புள்ள" என்று சொல்லிவிட்டான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் நான்கு நாளாகக் காலம் தள்ளுகிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கமலவேணி பால் கறக்கப் போசியை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனால், அங்கே அவளுக்கு முன்னாலேயே பெரியநாயகி எருமைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் ரயிலில் வந்த பட்டணத்துக்காரி, சேலையை முழங்காலுக்கு வரிந்து கட்டிக்கொண்டு, கன்னத்தை எருமையின் வயிற்றோடு சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஏனுங்க இந்த வேலை? எந்திரிங்க," என்றாள் கமலவேணி.

"சித்த நேரம் உடு கமலா. அங்க இந்த வாசத்துக்கு எங்க போவேன்?"

அதற்கப்புறம் பெரியநாயகி எழுந்திருக்கவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. சேலத்தைப் பற்றி அவள் மனசில் கிடந்த அத்தனையும் கொட்டியது.

"மூச்சு முட்டுது கமலா. காத்தால இருந்து வண்டிச் சத்தம். பக்கத்து ஊட்டுக்காரி இன்னிக்கி என்ன கொழம்புன்னு ஜன்னல்ல எட்டிப் பாத்துக் கேக்கறா."

"கேட்டா நல்லதுதானுங்க அக்கா! இங்க நான் என்ன கொழம்பு வெச்சாலும் கேக்கறதுக்கு ஆளில்லை," என்றாள் கமலவேணி.

"கொழாயடியில போசிய வெச்சுட்டுக் காத்துக் கெடக்கோணும். நாலு பேருகிட்ட வாயக் குடுக்கோணும்."

"நாலு பேரு இருக்கறாங்களே, அதச் சொல்லுங்க."

பெரியநாயகி கறப்பதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். எருமை காலை மாற்றி வைத்தது.

"அப்ப உனக்கு அங்க போகோணும்னு ஆசையா?" என்று மெதுவாகக் கேட்டாள் பெரியநாயகி.

"சாவற மட்டும் அங்கயே இருந்தாலும் செரிங்க. உங்களுக்கு?"

"எனக்கு இந்தக் கெணத்து மேடு போதும். ராத்திரி கதவைத் தொறந்து வெச்சுட்டுப் படுத்தா காத்து வருமே, அது போதும்." பெரியநாயகி குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா கமலா, நாஞ் சொன்னேன்னு மட்டும் வெளிய உட்றாத. அந்த மண்டி அவரு மூட்டை தூக்கித் தூக்கிக் கட்டுனது. பதினெட்டு வருசமா எனக்கு அங்க பிடிக்கலீன்னு தெரிஞ்சா மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. கொழுந்தன் தானாக் கை வெச்சதாவே இருக்கட்டும்."

"என்ற வாயில இருந்து வராதுங்க அக்கா," என்றாள் கமலவேணி. போசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது பால் தளும்பிக் காலில் கொட்டியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. உலகத்தில் இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடக்குமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நடக்காது அம்மா. ஆண்பிள்ளைகள் இருக்கிறார்களே.

பாலசுந்தரம் கிணற்றடியில் மாடுகளைத் தண்ணீர் இறைக்கிற கவலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். கமலவேணி கூழ் கொண்டுபோகிற சாக்கில் அவனிடம் போனாள்.

"நெனப்பு இருக்குதுங்களா?" என்றாள்.

"என்ன நெனப்பு?"

"திங்கக்கெழமை சொன்னது."

அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, அவளைப் பார்க்காமலே, "அதெல்லாம் பாத்துக்கலாம் புள்ள," என்றான்.

இந்தப் பாத்துக்கலாம் என்கிற வார்த்தையை எந்தப் புருஷன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. கமலவேணி இன்னும் ஒரு வார்த்தை கேட்கலாமென்று வாயெடுப்பதற்குள், "ஒரம்பரை வாறாங்க பாரு" என்று அவன் வாசலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டான்.

வந்தது பங்காளி தீர்த்தகிரி. பினாங்கில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவன். வந்ததிலிருந்து அதைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது. நல்ல நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்தது. முற்றத்தில் ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். சமையலறையில் கமலவேணி பருப்பைக் கடைந்துகொண்டே காதை முற்றத்தில் வைத்திருந்தாள்.

"சாமி நேர்ல வந்து, உலகத்துல எந்த ஊர்ல இருக்கறேன்னு கேட்டா, நான் மறுக்கா பினாங்குன்னுதான் சொல்லுவேன்," என்றான் தீர்த்தகிரி. "ரோட்டுல சோத்தப் போட்டுத் திங்கலாம், அத்தனை சுத்தம்."

"உனக்குத் தட்டு வாங்க வக்கில்லையாடா?" என்றார் சின்னண்ணக் கவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள். "நானா இருந்தா ஏற்காட்டு மேல ஒரு பங்களா கேப்பேன். வெள்ளைக்காரன் என்ன முட்டாளா? வெயில் வந்தா மேல ஏறிக்கறான். குளிரு வந்தா எறங்கிக்கறான்."

"அங்க கள்ளும் கெடைக்காதுங்களே மாமா," என்றான் தீர்த்தகிரி.

"அந்தப் பேச்ச எடுக்காத," என்றார் மாமன் உறுமலாக. பிறகு நாச்சிமுத்துக் கவுண்டர் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மாப்பளே. உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

நாச்சிமுத்துக் கவுண்டர் அதிகம் பேசுகிறவரல்ல. "பொழப்பு இருக்கற எடந்தானுங்க ஊரு," என்றார்.

"பாலு, உனக்கு?"

"எனக்கென்னங்க மாமா? அண்ணன் காட்டுன எடம்," என்றான் பாலசுந்தரம்.

மத்து கமலவேணியின் கையில் நின்றுவிட்டது. பினாங்கிலிருந்து ஏற்காடு வரைக்கும் போய் வந்த அந்தப் பேச்சு சமையலறைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் பெரியநாயகி காய் அரிந்துகொண்டிருந்தாள். அவளும் கேட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேரம் வந்தது. முற்றத்து நடுவில் கோலம் போட்டு, இரண்டு தாம்பாளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் தோட்டத்து மண் ஒரு கை, மஞ்சளோடு. இன்னொன்றில் மண்டியின் சாவிக்கொத்து. பெண்கள் கதவு நிலைக்கு உட்புறமாக நின்றார்கள். கமலவேணி முன்னால் நின்றாள்.

"மூத்தவனே, கூறு சொல்லு," என்றார் மாமன்.

நாச்சிமுத்துக் கவுண்டர் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "சேலத்துல மண்டி, மேல இருக்கற ஊடு, இது ஒரு கூறுங்க," என்றார். "இந்தத் தோட்டம், கெணறு, ஊடு, ஆடு மாடு அத்தனையும், அதோட மேட்டுக்காடும் சேத்து இன்னொரு கூறுங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மேட்டுக்காடு நாச்சிமுத்துக் கவுண்டர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. பொதுச் சொத்தில் அதைச் சேர்க்கவேண்டிய அவசியமே இல்லை.

"ஏன் மாப்பளே, ஒரு பக்கம் கனமா இருக்குதே?" என்றார் மாமன்.

"இருக்கட்டுங்க. மண்ணுல ஒழைச்சவன் அவன். அவன் கை வெக்கற பக்கம் கனமா இருக்கட்டும்." இதைச் சொல்லும்போது நாச்சிமுத்துக் கவுண்டரின் குரல் கொஞ்சம் பிசிறியது.

பாலசுந்தரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெரிய மனுஷன் தம்பிக்காகக் கனம் சேர்த்தாரே, அந்தக் கனம் கமலவேணியின் தலையில்தான் வந்து இறங்கியது. அண்ணன் இத்தனை பிரியமாக நீட்டுகிறதைத் தள்ளிவிட்டு அவர் கட்டிய மண்டியைத் தம்பி எடுப்பானா? எடுக்கவே மாட்டான். எட்டு வருஷம் அவனோடு குடித்தனம் பண்ணியவளுக்கு அதுகூடத் தெரியாதா?

"இளையவனே, கை வை," என்றார் மாமன்.

பாலசுந்தரம் குனிந்து அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நிமிர்ந்தான். வலது கையை நீட்டினான். கை சாவிக்கொத்தைத் தாண்டி, மண் இருந்த தாம்பாளத்துப் பக்கம் போயிற்று.

"வெச்சுறாதீங்க! சித்த நில்லுங்க!"

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கமலவேணிக்கே தன் குரல் வேறு யாருடையதோ போலத்தான் கேட்டது. அவள் நிலைப்படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டிருந்தாள். பாலசுந்தரத்தின் கை அந்தரத்தில் நின்றது.

"பொம்பளை பேசற எடமா இது?" என்று தீர்த்தகிரி எழுந்தான்.

"நீ உக்காரு. கை வெக்கறதுக்கு முன்னால ஆரு வேணா பேசலாம்," என்றார் மாமன். "சொல்லு அம்மணி. என்ன சமாச்சாரம்?"

"எங்களுக்குச் சேலத்துக் கூறு வேணுமுங்க பெரியப்பா," என்றாள் கமலவேணி மாமனைப் பார்த்து. குரல் நடுங்கவில்லை.

நாச்சிமுத்துக் கவுண்டர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலசுந்தரம், "கமலா, உள்ள போ," என்றான். கெஞ்சுகிற மாதிரி இருந்ததே தவிர அதட்டுகிற மாதிரி இல்லை.

சின்னண்ணக் கவுண்டருக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்கவேண்டும். இறங்கிப்போக ஒரு படி போட்டுக் கொடுத்தார். "உன்ற கொழந்தை சாரதாமணிய நல்ல பள்ளிக்கூடத்துல போடலாம்னு கேக்கறயா அம்மணி? அதுக்குத்தானே?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குழந்தையின் படிப்பு என்றால் யார் குறை சொல்லுவார்கள்? கமலவேணிக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிச் சேலத்துக்குப் போனால், அங்கே ஒவ்வொரு நாளும் மகள் பெயரைச் சொல்லித்தான் ஜன்னலைத் திறக்கவேண்டியிருக்கும்.

"இல்லீங்க. எனக்கே ஆசைங்க. எனக்கு அங்க இருக்கோணும்," என்றாள்.

"அட சாமி!" என்றார் மாமன். "அப்ப பெரியநாயகி எங்க போவா? இத்தன வருசமாக் குடியிருந்த ஊட்ட உட்டுட்டு வர அவளுக்குச் சம்மதமா? அவளக் கேட்டயா?"

கமலவேணி திரும்பிப் பார்த்தாள். பெரியநாயகி கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றிருந்தாள். இதோ, அக்கா இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும். காலையில் கட்டுத்தரையில் அத்தனை பேசினவள் இங்கே அரை வார்த்தை பேசமாட்டாளா?

"நீ சொல்லு பெரியநாயகி. உனக்கு இங்க வந்து இருக்க இஷ்டமா?" என்றார் மாமன்.

பெரியநாயகி புருஷனைப் பார்த்தாள். அவர் இப்போதுதான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளை என்ன கேட்டதோ, அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குன்னு தனியா ஒரு ஆசையுமில்லீங்க," என்றாள். "அவரு எங்க இருக்கறாரோ அதுதானுங்க எனக்கு ஊரு."

கமலவேணிக்குக் காதில் ரத்தம் ஏறியது. அடிப்பாவி! மூச்சு முட்டுகிறது என்றது யார்? கிணற்று மேடு போதும் என்றது யார்? வார்த்தைகள் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டன. வீசியிருந்தால் பெரியநாயகி அங்கேயே நொறுங்கிப் போயிருப்பாள்.

அவள் வீசவில்லை. கதவைப் பிடித்திருந்த பெரியநாயகியின் விரல்களைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்ததை நினைத்தாள். கோபம் தணியவில்லை. ஆனாலும் வாய் வேறு சொல்லிற்று.

"அக்காளுக்கு ஒண்ணுமில்லீங்க பெரியப்பா. ஆசை எனக்குத்தான். பேராசைன்னு சொன்னாலும் செரி, நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்."

அவ்வளவுதான். மூத்தார் உழைத்துக் கட்டிய மண்டியைக் கூறு போடுகிற இடத்தில் நின்று கேட்டவள் என்ற பெயர் அந்த நிமிஷமே அவள்மேல் ஒட்டிக்கொண்டது. தீர்த்தகிரி நாளைக்குச் சங்ககிரிச் சந்தையில் இதைத்தான் விற்கப்போகிறான்.

நாச்சிமுத்துக் கவுண்டர் குனிந்தார். சாவிக்கொத்து இருந்த தாம்பாளத்தைத் தம்பியின் முன்னால் நகர்த்தி வைத்தார். "தம்பி, கை வை," என்றார்.

"அண்ணா, வேண்டாங்ண்ணா. அவ அறியாமப் பேசிட்டா," என்றான் பாலசுந்தரம்.

"அறிஞ்சுதான் பேசுச்சு. ரெண்டுல எது வேணும்னாலும் நீ எடுக்கலாம்னுதானே நான் கூறு போட்டேன்? போட்டுட்டு இப்ப மொகத்தச் சுளிச்சா நான் என்ன அண்ணன்? வை."

பாலசுந்தரம் மனைவியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். கண்ணீர் தாடையில் இறங்க, சாவிக்கொத்தின்மேல் கையை வைத்தான். மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கூறு முடிஞ்சுது," என்றார். "இலையப் போடுங்க. அண்ணனும் தம்பியும் பக்கத்துல உக்காந்து சாப்புடோணும். அதுதான் முறை."

இலைகள் போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் மட்டும் உட்காரவில்லை. இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் வாரேனுங்க மாமா," என்றார்.

"எங்கடா போற? சேலத்துல இனி உனக்கென்ன இருக்குது? உன்ற ஊடு இதுதானேடா!"

"ஊடு இதுதானுங்க," என்றார் நாச்சிமுத்துக் கவுண்டர். குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்கப் பயமாக இருந்தது. "இத்தன பேரு இத்தன ஊரு பேசுனீங்க. இந்தத் தோட்டத்துல உன்னால இருக்க முடியுமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கலீங்களே."

செருப்பைப் போட்டுக்கொண்டு, சோளக்காட்டு வரப்பில் இறங்கி, சங்ககிரி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். பாலசுந்தரம், "அண்ணா! அண்ணா!" என்று பின்னால் ஓடினான். அவர் திரும்பவே இல்லை.

கமலவேணிக்கு வேண்டிய ஊர் கிடைத்துவிட்டது. சந்தோஷம் எங்கே என்று அவள் தேடிப் பார்த்தாள். மூத்தாருக்குப் போட்ட இலையில் பொரியல் ஆறிக்கொண்டிருந்தது. அவளால் நிற்கவும் முடியவில்லை, போய் உட்காரவும் முடியவில்லை.

முற்றத்தில் இருந்த அத்தனை கண்களும் இப்போது பெரியநாயகி பக்கம் திரும்பின. அவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வாசற்படியில் நின்று, வரப்பில் சிறுத்துக்கொண்டே போகிற வெள்ளைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பெரியநாயகி," என்றார் சின்னண்ணக் கவுண்டர். "உன்ற புருசன் போறான் பாரு. நீ போகலையா அம்மணி?"

பெரியநாயகி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எருமைக்குத் தண்ணி காட்டோணுமுங்க," என்று சொல்லிவிட்டு, கட்டுத்தரையை நோக்கி நடந்தாள்.